ட்ரோன் படங்களில் பதியும் உயரம் ஏன் பொருந்துவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரி, கல்குவாரி, சாலை, மனைப்பிரிவு ஆகியவற்றை ட்ரோன் படங்களிலிருந்து வரைபடமாக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை உயரத்தைப் பற்றியவை. ஆர்த்தோ (படங்களை ஒட்டிச் செய்யும் நேர்மேல் பார்வை வரைபடம்) அழகாக வந்துவிடுகிறது, நீள அகலம் டேப் வைத்துப் பார்த்தாலும் ஒத்துப்போகிறது, ஆனால் உயரம் மட்டும் எங்கோ இருக்கிறது என்பதே எல்லோருடைய புகாரும். திரும்பத் திரும்பச் சொன்ன விடைகளை, கேட்டவர்களின் கேள்விகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் தமிழ்நாட்டு நிலவரத்துக்கானவை.

படத்தில் "ஆல்டிட்யூட்" என்று இருப்பது ட்ரோனிலிருந்து கீழே தரை வரைக்கும் உள்ள உயரம்தானே?

இல்லை. பெரும்பாலான ட்ரோன்களில் படத்துக்குள் பதியும் எந்த எண்ணும் அந்த உயரத்தைக் குறிப்பதில்லை. டிஜேஐ ட்ரோன்களின் படங்களை எக்சிஃப்டூல் போன்ற கருவியில் திறந்து பார்த்தால் குறைந்தது மூன்று எண்கள் கிடைக்கும். படக் கோப்போடு சேர்ந்து பதியும் குறிப்புகளில், எக்சிஃப் என்ற பகுதியில் ஜிபிஎஸ் ஆல்டிட்யூட் என்று ஒன்றும், எக்ஸ்எம்பி என்ற பகுதியில் அப்சலூட் ஆல்டிட்யூட், ரிலேட்டிவ் ஆல்டிட்யூட் என்று இரண்டும் இருக்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே மதிப்புதான். மூன்றாவது வேறு.

ரிலேட்டிவ் என்பது ட்ரோன் கிளம்பிய இடத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தது. நீங்கள் மலையடிவாரத்தில் நின்று கிளப்பி, சரிவின் மேலே 60 மீட்டர் உயர்ந்த பாறைக்கு நேர் மேலே படம் எடுத்தால், ரிலேட்டிவ் 100 என்று காட்டும்போது பாறைக்கும் கேமராவுக்கும் இடையே 40 மீட்டர்தான் இருக்கும். அப்சலூட் என்பது ஏதோ ஒரு பொதுவான பூஜ்யத்திலிருந்து அளந்தது. அந்தப் பூஜ்யம் எது என்பதில்தான் இனி வரும் தகராறுகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

ஒரே படத்தில் ரிலேட்டிவ் 80 என்கிறது, அப்சலூட் 131 என்கிறது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 22 மீட்டர்தான். எதை நம்புவது?

ரிலேட்டிவ் எண்ணை, சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்ற எண்ணத்தோடு, ஓரளவு நம்பலாம். கிளம்பிய இடம் 22 மீட்டர், அதற்கு மேல் 80 மீட்டர் என்றால் கேமரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 102 மீட்டரில் இருந்திருக்க வேண்டும். அப்சலூட் 131 என்று சொல்வது 29 மீட்டர் கூடுதல். ஆர்டிகே (ஜிபிஎஸ் இடத்தைப் பறக்கும்போதே சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் வசதி) இல்லாத பல மாடல்களில் இந்த அளவு பிழை மிகச் சாதாரணம். அந்த எண்ணை மென்பொருள் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் உங்கள் டிஇஎம் (தரையின் உயர மாதிரி) முழுவதும் 29 மீட்டர் உயர்ந்து நிற்கிறது.

அதே ஏரியை காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பறந்து எடுத்தேன். இரண்டுக்கும் 25 மீட்டருக்கு மேல் வேறுபாடு வருகிறது. தரை எப்படி எழும்பும்?

தரை எழும்பவில்லை. காற்றின் அழுத்தம் இறங்கியிருக்கிறது. இந்த வகை ட்ரோன்கள் உயரத்துக்குப் பெரிதும் நம்புவது உள்ளே இருக்கும் காற்றழுத்தமானியைத்தான். மேலே போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்தை ஒட்டி 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 8.3 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. கடல் மட்டத்தில் அழுத்தம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அப்சலூட் உயரத்தைக் கணக்கிட்டால், அன்றைய உண்மையான அழுத்தம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவும் உயரப் பிழையாக வந்து சேரும்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் போல நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணியை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மாலை நான்கு மணியை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். இந்த ஆறு மணி நேரத்தில் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் இறக்கம் இயல்பானது. அதை 8.3 ஆல் பெருக்கிப் பார்த்தால் 25 முதல் 33 மீட்டர் வரை கிடைக்கும். உங்கள் இரண்டு டிஇஎம்களுக்கும் இடையே நிற்கும் வேறுபாடு அதுதான். வங்கக் கடலில் புயல் சின்னம் இருக்கும் நாளில் பறந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் இந்த அன்றாட ஏற்றஇறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் அங்கே அது மிகச் சிறியது.

கிளம்பிய இடத்திலேயே இறங்கிய பிறகும் திரையில் 2 மீட்டர் என்று காட்டுகிறது. சென்சார் பழுதா?

பழுதாக இருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன இறக்கம் நண்பகலை ஒட்டி வேகமாக நடக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடப் பறப்பிலேயே அழுத்தம் 0.2 அல்லது 0.3 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடலாம். ட்ரோன் அதை 2 மீட்டர் ஏற்றமாகப் புரிந்துகொள்ளும். வெயிலில் சூடான காற்றழுத்தமானியின் விலகலும், காற்று வேகமாக அடிக்கும்போது உறைக்குள் உண்டாகும் அழுத்த மாறுபாடும் இதோடு சேரும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் நல்லது. எழுத ஒரு நொடிதான் ஆகும். பின்னால் கணினியின் முன் உட்கார்ந்து ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யோசிக்கும்போது, அந்தப் பறப்பின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே எவ்வளவு நழுவியது என்பதைச் சொல்லக்கூடிய சான்று அது ஒன்றுதான்.

100 மீட்டர் உயரம் கொடுத்துத்தான் பறந்தேன். ஆனால் மென்பொருள் 107 மீட்டர் என்று அறிக்கை தருகிறது. எது பொய் சொல்கிறது?

மென்பொருள் சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தத்தை உயரமாக மாற்றும் கணக்கு, கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. சித்திரை வெயிலில் 35 டிகிரி இருந்தால் காற்று விரிந்து லேசாகிவிடும். அதே அளவு அழுத்தம் குறைய இன்னும் அதிக உயரம் ஏற வேண்டியிருக்கும். 288 கெல்வினுக்குப் பதில் 308 கெல்வின் என்றால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். வெப்பத் திருத்தம் செய்யாத ட்ரோன் 100 என்று நினைத்து நிற்குமிடம் 107.

மென்பொருள் இதை எப்படிக் கண்டுபிடித்தது என்றால், அது உயரத்தை மட்டும் பார்க்காமல் படங்களுக்கு இடையே உள்ள கிடைமட்டத் தொலைவுகளையும் பார்த்து முக்கோணக் கணக்கில் இறங்குகிறது. இதன் விளைவு ஜிஎஸ்டியிலும், அதாவது ஒரு பிக்சல் தரையில் அடைக்கும் அளவிலும், தெரியும். 13.2 மில்லிமீட்டர் அகல சென்சாரும் 8.8 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 5472 பிக்சல் அகலமும் கொண்ட ஒரு அங்குலக் கேமராவில், 100 மீட்டருக்கு 2.74 சென்டிமீட்டர் வர வேண்டியது 2.93 ஆக வரும். இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் முன்அனுமதி இல்லாமல் பறக்கும் வரம்பு 120 மீட்டர். கோடையில் திரை 120 காட்டும்போது நீங்கள் அதற்கு மேலே இருக்கக்கூடும்.

ட்ரோனில் ஜிபிஎஸ் இருக்கிறதே, பிறகு எதற்குக் காற்றழுத்தமானியைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே மட்டும் இருக்கின்றன, பூமிக்கு அடியிலிருந்து எதுவும் வருவதில்லை. கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் இரு பக்கமிருந்தும் பிடித்து நிறுத்த முடிகிற இடத்தை, மேல் கீழாக ஒரே பக்கமிருந்துதான் இழுக்க முடிகிறது. அதனால் ஜிபிஎஸ் உயரப் பிழை, கிடைமட்டப் பிழையைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். போதாததற்கு, காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் நமக்கு மேலுள்ள அயனி மண்டலம் அமைதியானது அல்ல. காற்றழுத்தமானி ஒட்டுமொத்தமாகத் தவறினாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நொடிக்கு நொடி குதிக்காது. பறக்கும் ட்ரோனுக்கு வேண்டியது அந்த நிதானம். வரைபடம் போடுகிறவருக்கு வேண்டியது வேறு என்பதால் இந்த மோதல்.

நாகப்பட்டினம் பக்கம் ஆர்டிகே ட்ரோன் பறக்கவிட்டேன். எல்லாப் படத்திலும் உயரம் மைனஸில் வருகிறது. கடலுக்கு அடியிலா பறந்தது?

இது பிழையே இல்லை. ஆர்டிகே கருவி தருவது எலிப்சாய்டு உயரம். பூமியை வழவழப்பான, சற்றே தட்டையான ஓர் உருண்டையாகக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்பிலிருந்து அளப்பது அது. நாம் ஆர்எல் என்று சொல்வது கடல் மட்டத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ ஜியாய்டு என்ற ஈர்ப்பு மட்டத்திலிருந்து அளப்பது. இரண்டு பரப்புகளும் உலகின் பெரும்பாலான இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. உலகிலேயே ஜியாய்டு மிக ஆழமாகக் குழிந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே அது எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் கீழே. அந்தக் குழியின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் அமர்ந்திருக்கிறது. சென்னையில் இடைவெளி 85 மீட்டரை ஒட்டியிருக்கும். தெற்கே போகப் போகக் கூடி, குமரிமுனைப் பக்கம் 95 மீட்டரை ஒட்டிவிடும்.

ஓரிடத்தில் இடைவெளி 90 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயர்ந்த வயல், எலிப்சாய்டு கணக்கில் மைனஸ் 87 மீட்டர். அதற்கு மேல் 80 மீட்டரில் பறக்கும் கேமரா மைனஸ் 7 மீட்டரில் இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் இந்த இடைவெளியைப் பத்து, இருபது, முப்பது மீட்டர் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே 90 மீட்டரைக் கண்டதும் கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்துத் திரும்பி வந்த இரண்டு ட்ரோன்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டிலும் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அப்படியென்றால் எலிப்சாய்டு உயரத்தை ஆர்எல் ஆக்குவது எப்படி? எல்லாவற்றிலும் 90 ஐக் கூட்டிவிடலாமா?

ஒரு சிறிய மனைப்பிரிவுக்கு ஒரே எண்ணைக் கூட்டுவதில் பெரிய தவறில்லை, ஆனால் அந்த எண் அந்த இடத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து குமரிமுனை வரை சுமார் பத்து மீட்டர் மாறுகிறது என்றால் சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சரிகிறது என்று பொருள். பதினைந்து கிலோமீட்டர் சாலைக்கோ வாய்க்காலுக்கோ ஒரே எண்ணைப் போட்டால் தண்ணீர் ஓடும் திசையே மாறித் தெரியக்கூடும்.

மென்பொருளில் இஜிஎம்96 அல்லது இஜிஎம்2008 ஜியாய்டு மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் அது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகத் திருத்தித் தரும். இரண்டில் 2008 நுணுக்கமானது. எதை எடுத்தாலும் வேலை முழுவதும் அதையே வைத்திருங்கள். உலக மாதிரி இந்திய பெஞ்ச் மார்க்குகளோடு (ஆர்எல் குறிக்கப்பட்ட நிலையான புள்ளிகளோடு) சென்டிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டின் பழைய மட்ட அமைப்பு 1909 இல், சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு கட்டப்பட்டது. செயற்கைக்கோள்களிலிருந்து பெற்ற ஈர்ப்பு மாதிரியோடு அது சில டெசிமீட்டர் விலகியிருப்பதில் வியப்பில்லை. ஆகவே அருகிலுள்ள பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியில் ஆர்எல் கொண்டுவந்து, டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) புள்ளி ஒன்றோடு ஒப்பிட்டு, எஞ்சிய வேறுபாட்டையும் சேர்த்துத் திருத்துவதே முறை.

பேட்டரி மாற்றி மூன்று முறை பறந்தேன். ஒரே இடம் மூன்று அடுக்காகத் தெரிகிறது. ஏன்?

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ரிலேட்டிவ் பூஜ்யம் புதிதாகப் பிறக்கிறது. முதல் முறை ஏரிக்கரை மேலிருந்தும் இரண்டாம் முறை நிழலுக்காகக் கரைக்குக் கீழே மரத்தடியிலிருந்தும் கிளப்பினால் கரையின் உயரம் முழுவதும் இரண்டு தொகுதிப் படங்களுக்கும் இடையே பிழையாக நுழையும். கிளம்பும் இடத்தை மாற்றாவிட்டாலும், மூன்றாம் விடையில் சொன்ன அழுத்த இறக்கம் அப்சலூட் எண்ணைத் தொகுதிக்குத் தொகுதி நகர்த்திவிடும். படங்களுக்கு இடையே போதுமான ஒன்றன்மேல் ஒன்று படிதல் இருந்தால் மென்பொருள் இழுத்துச் சரிசெய்ய முயலும். தொகுதிகள் ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டால் அடுக்காகவே நிற்கும். ஒரே இடத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து, எல்லாப் பறப்பையும் அதிலிருந்தே கிளப்புங்கள்.

உயரம் 29 மீட்டர் தவறென்றால் குவாரியின் கனஅளவும் தவறாகிவிடுமா? பில் கொடுத்தாகிவிட்டது!

பிழை எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவாக இருந்தால் பயப்பட வேண்டாம். குவியலும் அதைத் தாங்கும் தரையும் சேர்ந்தே 29 மீட்டர் மேலே போயிருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள கனஅளவு மாறவில்லை. பரப்பளவும் மாறாது. போன மாத டிஇஎம்மிலிருந்து இந்த மாத டிஇஎம்மைக் கழித்துக் கனஅளவு எடுத்திருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு பிழையோடு நிற்கும். ஒரு ஹெக்டேர் பரப்பில் வெறும் 10 சென்டிமீட்டர் வேறுபாடு 1000 கனமீட்டர்.

அளவுத்திட்டப் பிழை வேறு கதை. அது முழு உருவத்தையும் பெரிதாக்கும் அல்லது சுருக்கும். நீளம் 1 சதவீதம் கூடினால் பரப்பு 2 சதவீதமும் கனஅளவு 3 சதவீதமும் கூடிவிடும். ஜிசிபி (துல்லியமாக அளந்து தரையில் அடையாளமிட்ட புள்ளி) இல்லாத வேலையில் அளவுத்திட்டம் படங்களின் கிடைமட்ட ஜிபிஎஸ் இடைவெளிகளிலிருந்து வருகிறது. சிறிய இடத்தில் 2 மீட்டர் ஜிபிஎஸ் பிழைகூட அதைப் பாதிக்கும். லாரி எடைமேடை முதல் கதவுநிலை வரை, தளத்தில் நீளம் தெரிந்த எதையாவது ஒன்றை டேப்பில் அளந்து வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எக்சிஃபில் இருக்கும் உயரத்தை நாமே மாற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மூலப் படங்களில் அல்ல, அவற்றின் நகலில். ஒரே இடத்திலிருந்து கிளம்பிய பறப்பு என்றால், கிளம்பிய இடத்தின் ஆர்எல் எண்ணோடு ஒவ்வொரு படத்தின் ரிலேட்டிவ் எண்ணையும் கூட்டி ஜிபிஎஸ் ஆல்டிட்யூடாக எழுதுவது எளிய, பயனுள்ள வழி. எக்சிஃப்டூல் இதைத் தொகுதியாகச் செய்யும். படங்களையே தொடாமல், மெட்டாஷேப் மென்பொருளில் ரெஃபரன்ஸ் அட்டவணையை இறக்கிக் கணக்கிட்டு மீண்டும் ஏற்றலாம். வெப்ஓடிஎம் மென்பொருளில் படத்தின் பெயரும் ஆயத்தொலைவுகளும் கொண்ட ஒரு எளிய உரைக்கோப்பைப் படங்களோடு கொடுக்கலாம். நான் விரும்புவது இந்தக் கடைசி வழியைத்தான். எதை மாற்றினோம் என்பது ஆறு மாதம் கழித்தும் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பொறி இருக்கிறது. எக்சிஃபில் உயரம் எப்போதும் குறியில்லாத எண்ணாகத்தான் பதியும். மைனஸ் என்பதைப் பக்கத்தில் ஆல்டிட்யூட் ரெஃப் என்ற தனிக் கட்டம் 1 என்று சொல்லும். அவசரமாக எழுதிய ஸ்கிரிப்ட்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை. நம் கடலோரத்தில் மைனஸ் 3, மைனஸ் 1, பிளஸ் 2 என்று ஏறிக்கொண்டே போன ட்ரோன், அந்த ஸ்கிரிப்டின் கண்ணுக்கு 3, 1, 2 என்று இறங்கி ஏறியதாகத் தெரியும். இந்தக் குழப்பம் பிற நாட்டவருக்கு அபூர்வமாகத்தான் நேரும். எலிப்சாய்டு உயரம் பூஜ்யத்தைக் கடக்கும் கடலோரத்தில் வேலை செய்யும் நமக்கு அது அன்றாடம்.

ஆர்டிகே ட்ரோன் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் தீர்ந்துவிடுமா?

காற்றழுத்தத் தலைவலி தீரும். ஃபான்டம் 4 ஆர்டிகே போன்ற கருவிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உயரத் துல்லியம் 1.5 சென்டிமீட்டரும், பேஸிலிருந்து (தரையில் நிறுத்தித் திருத்தம் அனுப்பும் கருவியிலிருந்து) கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டரும் ஆகும். ஆனால் அது ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்ததா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்எம்பியில் ஆர்டிகே ஃபிளாக் என்ற எண் இருக்கும். 50 என்றால் ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்த நிலை. 34 என்றால் ஃபுளோட், அதாவது டெசிமீட்டர்களில் தடுமாறும் நிலை. 16 என்றால் சாதாரண ஜிபிஎஸ். பறப்பின் நடுவே மொபைல் சிக்னல் போனால் நூறு படம் 50 ஆகவும் முப்பது படம் 16 ஆகவும் கலந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நம்பகத்தன்மை கொடுத்தால் அந்த முப்பது படங்கள் மற்றவற்றையும் கெடுக்கும். புதிய மாடல்கள் சிலவற்றில் ஆல்டிட்யூட் டைப் என்ற குறிப்பும் பதிகிறது. உயரம் ஆர்டிகேயிலிருந்து வந்ததா, ஜிபிஎஸ்ஸும் காற்றழுத்தமும் கலந்ததா என்று அது சொல்லிவிடும்.

எல்லாப் படமும் ஃபிக்ஸ். ஆனாலும் மொத்தமும் 1.8 மீட்டர் கீழே இருக்கிறது.

பேஸ் வைத்த ராடின் (கம்பத்தின்) உயரத்தைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். 1.8 மீட்டர், 2 மீட்டர் என்று ராடு உயரத்தோடு பொருந்தும் பிழைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 85 முதல் 95 மீட்டருக்குள் வரும் பிழை என்றால், எலிப்சாய்டு உயரம் கேட்ட கட்டத்தில் பெஞ்ச் மார்க்கின் ஆர்எல் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு நீர்த்தேக்க வேலையில் இரண்டு நாள் முழுவதும் கருவியைத் திட்டிவிட்டு, மூன்றாம் நாள் என் கையெழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்துத் தலைகுனிந்தேன்.

3 முதல் 8 மீட்டர் என்று எதனோடும் ஒட்டாத பிழை என்றால், தெரிந்த புள்ளியில் வைக்காமல் பேஸை அதன் போக்கிலேயே இடம் கண்டுகொள்ளச் சொல்லியிருப்பீர்கள். பேஸ் தவறிய அளவு எல்லாப் படங்களும் சேர்ந்து தவறும், ஒற்றுமையாக. இந்திய நில அளவைத் துறையின் நிரந்தர நிலையங்களிலிருந்து இணையம் வழியாகத் திருத்தம் பெற்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கிருந்து வருவதும் எலிப்சாய்டு உயரமே.

ஜிசிபி வைத்துச் சரியான உயரம் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் ஜிசிபி பிழை இன்னும் அரை மீட்டர் காட்டுகிறதே?

மென்பொருளுக்கு இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். படங்கள் எலிப்சாய்டு உயரம் சொல்கின்றன, ஜிசிபி ஆர்எல் சொல்கிறது. யாரை எவ்வளவு நம்புவது என்பதை நீங்கள் தரும் துல்லிய மதிப்பே தீர்மானிக்கிறது. மெட்டாஷேப் படங்களுக்கு இயல்பாக 10 மீட்டர் கொடுக்கும். ஆர்டிகே இல்லாத ட்ரோனின் உயரத்துக்கு அதுவே அதிக நம்பிக்கை. 30 மீட்டர் பிழையுள்ள எண்ணை 10 மீட்டர் துல்லியம் என்று சொன்னால் நூற்றுக்கணக்கான படங்கள் கூட்டாக ஜிசிபியை இழுக்கும். ஆர்டிகே படங்களை 3 சென்டிமீட்டர் துல்லியம் என்று அறிவித்துவிட்டு, ஜிசிபியை 90 மீட்டர் தள்ளி வேறு மட்டத்தில் கொடுத்தால் இழுபறி இன்னும் கடுமை. முதலில் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், ஜிசிபி போதிய அளவில் இருக்கும்போது படங்களின் உயரத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

எத்தனை ஜிசிபி என்றும் சேர்த்தே கேட்பார்கள். நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்துக்குக் குறையாமல், பள்ளமும் மேடும் உள்ள குவாரியில் மேல்தட்டிலும் அடித்தளத்திலும் சில. அதற்கு மேல் மூன்று புள்ளிகளையாவது கணக்கில் சேர்க்காமல் சோதனைக்காக ஒதுக்கி வையுங்கள். கணக்கில் சேர்ந்த ஜிசிபி காட்டும் சிறிய பிழையை வாடிக்கையாளரிடம் துல்லியம் என்று காட்டுவது, மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வதைப் போன்றது.

ஓரங்கள் சரியாக இருக்கின்றன, நடுவில் மட்டும் 40 சென்டிமீட்டர் மேடு. மைதானம் தட்டையானது.

இது உயரப் பதிவின் பிழை அல்ல, லென்ஸின் வளைவுத் திருத்தம் சரியாகக் கணக்கிடப்படாததால் வரும் குவிவு. எல்லாப் படங்களையும் நேர் கீழே பார்த்து ஒரே உயரத்தில் எடுத்தால், லென்ஸின் வளைவையும் தரையின் வளைவையும் மென்பொருளால் பிரித்தறிய முடியாது. கேமராவைச் சாய்த்து எடுத்த சில வரிசைப் படங்களைச் சேர்த்தால் குவிவு பெருமளவு அடங்கும். நடுவிலும் ஜிசிபி வைக்கச் சொன்னதன் காரணமும் இதுதான்.

ஆர்டிகே ஃபிக்ஸ், பேஸ் சரி, ராடு சரி, ஜியாய்டும் சரி. இருந்தும் எல்லாச் சோதனைப் புள்ளியும் ஒரே மாதிரி 12 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இங்கே கேமராவின் இடம் சரி, கேமராவிலிருந்து தரைக்கு உள்ள தூரம்தான் தவறு. தட்டையான நிலத்தை ஒரே உயரத்திலிருந்து எடுத்தால், குவியத்தூரத்தில் வரும் சிறு பிழையும் தரையின் உயரப் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். 100 மீட்டர் உயரத்தில் குவியத்தூரம் 0.1 சதவீதம் தவறினால் தரை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். லென்ஸ் வெயிலில் சூடாவதும் இதற்குப் போதும். ஒரே ஒரு நல்ல ஜிசிபியைக் கணக்கில் சேர்த்தாலே இது பெரும்பாலும் மறைந்துவிடும். இல்லையென்றால் 80 மீட்டரிலும் 110 மீட்டரிலுமாக இரண்டு உயரங்களில் பறந்து எடுங்கள், அல்லது சாய்வுப் படங்களைச் சேருங்கள்.

செயற்கைக்கோள் டிஇஎம் ஒன்றோடு ஒப்பிட்டேன், சரியாக வந்தது. இன்னொன்றோடு ஒப்பிட்டேன், 90 மீட்டர் வேறுபாடு. எந்த நாட்டு டிஇஎம் தவறு?

இரண்டும் தவறில்லை. எஸ்ஆர்டிஎம் தரும் உயரம் இஜிஎம்96 ஜியாய்டிலிருந்து, கோப்பர்நிக்கஸ் தருவது இஜிஎம்2008 இலிருந்து. இஸ்ரோவின் கார்ட்டோடெம் எலிப்சாய்டிலிருந்து தருகிறது. அதனால்தான் கார்ட்டோடெம்மில் தமிழகக் கடற்கரை மைனஸ் எண்களில் தெரிகிறது. இவை எல்லாம் மீட்டர்க் கணக்கில் பிழையுள்ளவை. ஆகவே 90 மீட்டர் போன்ற பெரிய தவறு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

ஏரிப் படுகை ஆட்டோ லெவலில் எடுத்த ஆர்எல்லைவிட மூன்று மீட்டர் உயர்ந்து தெரிகிறது. மற்ற இடமெல்லாம் சரி.

சீமைக்கருவேலம். ட்ரோன் படம் மரத்தின் தலையைத்தான் பார்க்கிறது, அடியில் உள்ள மண்ணை அல்ல. அந்த இடங்களில் மட்டும் கையால் மட்டம் எடுத்துச் சேர்ப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது. தண்ணீர் நிற்கும் பகுதியில் வரும் மேடுபள்ளங்களையும் நம்ப வேண்டாம். அலை அடிக்கும் பரப்பில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

அலுவலகத்தில் கொடுக்கும் அறிக்கையில் உயரத்தைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

உயரம் எலிப்சாய்டிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எந்த ஜியாய்டு மாதிரி, எந்த பெஞ்ச் மார்க், அதன் மதிப்பு என்ன, அதோடு ஒட்டவைக்க எவ்வளவு கூட்டினீர்கள் அல்லது கழித்தீர்கள் என்பது அடுத்து வரட்டும். ஒதுக்கி வைத்த சோதனைப் புள்ளிகளின் பிழையை ஒவ்வொன்றாகப் போடுங்கள், சராசரி மட்டும் போதாது. பறந்த தேதியும் நேரமும், கிளம்பிய இடமும், ஃபிக்ஸ் ஆகாத படங்களின் எண்ணிக்கையும் ஒரு பத்தியில் அடங்கிவிடும். அடுத்த ஆண்டு அதே ஏரியை வேறொருவர் வேறொரு ட்ரோனில் அளந்து, தூர் எவ்வளவு சேர்ந்தது என்று இரண்டையும் கழித்துப் பார்க்கும்போது, அவருக்குத் தேவைப்படப்போவது உங்கள் வண்ணப்படத்தைவிட இந்த ஒரு பத்திதான்.